நாற்பத்தாறு புள்ளி எட்டு

கப்பலூரில் இறங்கும்போது மணி பதினொன்றரை.
சுங்கச்சாவடி லாரிகளின் புழுதி
கோப்பின் முதல் பக்கத்தில்
என் பதவியின் மேல் வந்து உட்கார்ந்தது.
உதவிப் பொறியாளர், மாவட்டத் தொழில் மையம், மதுரை.
வந்த வேலை:
ஒரு பெட்டியிடம் நீ எந்த ஊர் என்று கேட்பது.

உள்ளங்கை அகலம்தான் பெட்டி.
சோலார் தகட்டின் முதுகில் கறுப்பாக ஒட்டியிருக்கும்.
வெயில் மின்சாரமாகி வெளியேறும் வாசல் அது.
அண்ணாந்து பார்ப்பவர்களுக்குத் தகடு தெரியும்,
இது தெரியாது.

புதிய கொள்கை, ஏழாம் பிரிவு, உட்பிரிவு இ:
மதிப்பில் பாதி மாநிலத்துக்குள் உண்டானால்
மூலதன மானியம்.
ஒரு காசு குறைந்தாலும் ஊக்கக் கடிதம்.
கடிதத்துக்கு மாதிரி வாசகம்
தயாராக இணைத்திருக்கிறார்கள்.

உரிமையாளர் டி.ஆர். சுகந்தி
திருப்புளியால் பெட்டியைத் திறந்து
பழைய பில் ஒன்றின் மேல் பரப்பினார்.
டயோடு மூன்று, கப்பலில் வந்தவை, முப்பத்து மூன்று ரூபாய்.
கம்பியும் இணைப்பும் புனே, ஐம்பத்திரண்டு முப்பது.
பிளாஸ்டிக் குருணை குஜராத், இருபத்தொன்றரை.
தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம் ஆறு,
அதுவும் குஜராத்.
"இதுல கப்பலூர் எங்க இருக்கு?"
கேட்டது நானில்லை, படிவம்.

அப்போது கரண்ட் போனது.
"பாதிப் பெட்டி உள்ளயே மாட்டிக்கிருச்சுக்கா!"
இயந்திரத்தடியிலிருந்து ஒச்சம்மா.
சூரியனுக்குப் பெட்டி செய்யும் கூடத்தின் கூரை
கல்நார் ஓடு.
தகடு ஏற்றினால் தாங்காது.

செக்கானூரணி ஒச்சம்மா உள்ளூர்.
ஜார்க்கண்ட் பிரேம் முண்டா வெளியூர்.
"நாலு வருசமா இங்கிட்டுத்தேன் இருக்கேன் சார்,"
என்றான், என்னைவிட மதுரையாக.
நான் திண்டிவனத்துக்காரன்.

கால்குலேட்டர் என் மொபைலில்.
பெட்டி விலை இருநூற்றுப் பன்னிரண்டு.
வெளியிலிருந்து வந்தது நூற்றுப் பன்னிரண்டு எண்பது.
மீதி, நாற்பத்தாறு புள்ளி எட்டு சதவீதம்.
பாதியைத் தொட ஆறு ரூபாய் எண்பது காசு வேண்டும்.
எதிர்க்கடையில் டீ பதிமூன்று.
அரை டீயும் கொஞ்சம் நுரையும்.

சுகந்தி பேசவில்லை. என் கையைப் பிடித்து
(கையையல்ல, கையிலிருந்த பேனாவை)
இயந்திரத்தின் வாய்ப்பக்கம் திருப்பினார்.
"அச்சு, சார். அதை எதுல சேத்தீங்க?"

அச்சு.
கீழவாசல் சந்தில் இன்னாசி கடைந்தது.
முதல் அச்சில் பெட்டி ஆறும்போது சுருங்கி மூடி சேரவில்லை.
இரண்டாவதில் மூலை பிளந்தது.
அவை இரண்டும் இப்போது கதவுக்கு முட்டுக்கொடுக்கின்றன.
மூன்றாவதற்குக் கூட்டுறவு வங்கியில் ஒன்றேமுக்கால் லட்சம்,
தவணை இன்னும் பதினான்கு.
வெளியே போகும் ஒவ்வொரு பெட்டியும்
அதன் வயிற்றைத் தொட்டுத்தான் போகிறது.
ஆனால் அது ஒருமுறை வாங்கியது.
மூலதனம். மதிப்பில் வராது.
பக்கம் பதினெட்டு, விளக்கம் நான்கு.

விதியை எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன்.
சென்னையில் ஓர் அறையில்
நியாயமாகத்தான் யோசித்திருப்பார்.
பெயரை மட்டும் ஒட்டி விற்கிறவர்களைத் தடுக்க
ஒரு வேலி வேண்டும்.
வேலிக்கு இந்தப் பக்கம் யார் நிற்பார்கள் என்று
வேலிக்குத் தெரியாது.

படிவத்தின் கடைசியில் 'குறிப்பு' என்றொரு கட்டம்,
இரண்டு விரல் அகலம்.
"அச்சு மதுரையில் செய்யப்பட்டது. மூன்றாம் முயற்சி.
விளக்கம் நான்கை மறுபரிசீலிக்கலாம்."
'கலாம்' கட்டத்துக்கு வெளியே விழுந்தது.
எண்ணை மாற்றவில்லை.
மாற்றச் சொல்லி அவரும் கேட்கவில்லை.

கரண்ட் வந்தபாடில்லை.
உள்ளே சூடு ஆறிக்கொண்டிருந்தது பாதிப் பெட்டி.
சுகந்தி பித்தளைக் கம்பியோடு குனிந்தார்.
"சார், லைட்ட கொஞ்சம் இங்கிட்டு அடிங்க.
ஒச்சம்மா, மெல்ல.
அச்சு கீறிரப்போகுது."

மொபைலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
அதில் இன்னும்
நாற்பத்தாறு புள்ளி எட்டு.