நாற்பத்தோராவது கரண்டி

வைகாசி முகூர்த்தம் முடிந்த திங்கட்கிழமை,
பழங்காநத்தம் வாடகைப் பாத்திரக் கடையில்
பில் அட்டையின் முதுகில் எழுதினேன்:
ஹெச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட், ரியாக்ட், பைத்தான்.
எதை முதலில் படிக்க?

பெங்களூரிலிருந்து தில்ஷாத்
ரியாக்ட்தான் என்கிறாள், சம்பளம் அதில்தானாம்.
பைத்தான் என்கிறான் அருள்தாஸ்,
அவன் எதையும் முடித்ததில்லை.
எனக்கு ஆசை நிறத்தின் மேல்.
கடைப் பெயர் செம்பாக மினுங்க வேண்டும்,
தொட்டால் ஒரு அண்டா மெல்லச் சுழல வேண்டும்.
இரண்டு ராத்திரி போனது.
அண்டா சுழன்றது.

அவனியாபுரத்துக்காரர் ஆட்டோவில் வந்து
கரண்டிகளைக் கொட்டினார்.
எண்ணினேன், நாற்பத்தொன்று.
கொடுத்தது எத்தனை?
நோட்டில் அந்தப் பக்கம் முழுக்கச் சாம்பார்.
"நாப்பதுதாம்மா. ஒண்ணு ஒங்களுதே இல்ல."
"நாப்பத்தஞ்சு" என்றேன், குரல் இறங்கிப்போய்.
அவர் என் முகத்தைப் பார்த்தார்,
நான் திரையைப் பார்த்தேன்.
அண்டா அழகாகச் சுழன்றுகொண்டிருந்தது.

இரவு பட்டியல் மொத்தத்தையும் அடித்துவிட்டுக்
கீழே எழுதினேன், டேட்டாபேஸ்.
யாரு, எது, எத்தனை, எப்போ.
நாலே கட்டம்.
மினுக்கம் பிறகு வரட்டும்.

அந்த ஒரு கரண்டி மட்டும்
மேசையிலேயே கிடக்கிறது.
காம்பில் வெட்டியிருப்பது வேறு யார் பெயரோ.
அதை எந்தக் கட்டத்தில் போடுவதென்று
இன்னும் படிக்கவில்லை.