இமைமுடி

பதவி உயர்வுப் படிவத்தில் ஒரு கட்டம்:
கண்டுபிடிப்புகள்.
மார்னி ட்வெட் அதை வெறுமையாக விட்டிருக்கிறாள்.

டுலூத்தில் ஏரி உறைந்து கிடக்கிறது.
மேசையில் நூற்றுப் பன்னிரண்டு ஆய்வக நோட்டுகள்.
நுண்ணோக்கியில் முதல் வாரம்
எல்லோரும் பார்ப்பது தம் இமைமுடியைத்தான்.
பத்தொன்பது வருடமாய்.

கெலன் ஆஸ்ட்பி வரைந்தே விட்டான்,
நிழல் தீட்டி, நீளம் அளந்து.
கீழே:
"பெயர் தெரியாத உயிர்.
நான் கண் சிமிட்டினால் மட்டும் அசைகிறது."

சிவப்புப் பேனா
அடிக்கப் போய் நின்றுவிட்டது.
'மட்டும்' என்ற சொல்லை
வட்டமிடுகிறாள்.
"அரை மதிப்பெண், இந்த ஒரு சொல்லுக்கு.
சிமிட்டாமல் பார்.
பிறகு வந்து சொல்."

படிவத்தின் மேல் காபிக் கோப்பையை வைத்து
அடுத்த நோட்டைத் திறக்கிறாள்.

அதிலும் முடி.
இது செம்பட்டை,
கலர் பென்சிலில்.