நாற்பதாவது அட்டை

கட்டில் நாற்பதுதான் வைப்பேன்.
நாற்பத்தொன்று வைத்தாலும் விதி தடுக்காது,
ஆனால் வேண்டிய அட்டை ஒரு சுற்றுப் பிந்தி வரும்,
கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் நிற்கிற நாளில் வரும் பஸ் போல.
நேரத்துக்கு வராத அரக்கன் வெறும் படம்.

மாட்டுங்காவில் மாடிக் கடை. கீழே பஞ்சர் ஒட்டுகிறார்கள்.
ஞாயிறு பதினொன்றுக்கு ஷட்டர் ஏறும்.
நுழைவு முன்னூறு, கட்டிங் சாய் தனிக் கணக்கு.
உறையிட்ட அட்டைகள் கலைபடும் சத்தம்
ஜூலை மழையையும் மீறிக் கேட்கும்.

எதிரே ஹோஷாங். பார்சி காலனிப் பையன்,
பல் மருத்துவம் நாலாம் வருஷம்.
அவன் கட்டில் எரிமலைவாயன் இருக்கிறது,
அனுமதித்த அளவுக்கு, மூன்று.
ஒவ்வொன்றும் என் ஒரு மாத வாடகை.
இறங்கினால் மேசையில் என் பக்கம் காலி.
போதாததற்கு அதன் கண் வேறு மினுங்கும்.

இறங்கத்தான் விலை உண்டு.
தன் பக்கத்துச் சின்னதுகள் மூன்றைப் பலிகொடுக்க வேண்டும்.
கதவில் சிவப்புப் பெயிண்டால் எண் எழுதிப் போனவர்களைப்
பார்த்திருக்கிறோம் நாங்கள், தொண்ணூறடி ரோட்டில்.
இந்த விதியை எனக்கு யாரும் இரண்டு தரம் சொன்னதில்லை.

என்னிடம் இருப்பவை
உப்புத் தவளை, ஈரப்பல்லி, கதவடைக்கும் நத்தை.
பத்து ரூபாய், பதினைந்து ரூபாய்.
ஒரு நத்தை கடைத் தரையில் கிடந்தது, துடைத்து எடுத்தேன்.
அடிக்கத் தெரியாதவை. தடுக்கும், தாமதிக்கும்,
எதிராளி ஒரு சீட்டு எடுக்கும்போதெல்லாம்
அவன் கட்டின் மேலிருந்து இரண்டை
இடுகாட்டுக்கு அனுப்பும்.
நான் யாரையும் கொல்வதில்லை.
அவர்களுடைய நாளைகளை எடுத்துவிடுகிறேன்.
நத்தையைத் தடைப் பட்டியலில் சேர்க்கப்போவதாகப் பேச்சு.
சேர்க்கட்டும்.

எங்கே கற்றாய் என்று கேட்டாள் அனகா, நடுவர்.
அந்தேரியில், என்றேன்.
ஆறு வருஷம் இன்சூரன்ஸ் க்ளெய்ம் பிரிவு.
இல்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை.
இன்னும் ஒரு சான்றிதழ் தேவை என்போம்.
வந்தால், அதில் முத்திரை தெளிவில்லை என்போம்.
மனிதர்கள் தாமே தீர்ந்துபோவார்கள்.
அவள் சிரித்தாள். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

முதல் கையிலேயே பெரிய அட்டை வந்தால்
புதியவர்கள் பூரிப்பார்கள்.
பழகியவர்கள் எச்சில் விழுங்குவார்கள்.
இறக்க வழியில்லாத பலம்
ஓர் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.
ஹோஷாங் எச்சில் விழுங்கியதைப் பார்த்தேன்.

பதினான்காம் சுற்றில் கை நீட்டினான்.
விரல் பட்டது விரிப்பில்.
எடுக்க ஒன்றுமில்லாதவன் தோற்றவன், அவ்வளவுதான் விதி.
இடுகாட்டைப் புரட்டிப் பார்த்தான்.
எரிமலைவாயன் இரண்டு, ஒன்றன்மேல் ஒன்று,
ஒருமுறையும் வாய் திறக்காமல்.
மூன்றாவது கையிலேயே, முதல் சுற்றிலிருந்து.
அவன் கோபப்படவில்லை.
"ஜெயிச்சிட்டீங்க தீதி. ஆனா நான் ஆடவே இல்லையே" என்றான்,
இந்தியில், பல்வலிக்காரரிடம் பேசும் மிருதுவோடு.

அடுத்த ஆட்டத்தில் சுஹானி, பத்து வயது.
எலிக் கட்டு. முழுக்க எலி.
நத்தை கதவை அடைக்குமுன்
மூன்றே சுற்றில் தின்று முடித்தாள்.
மெதுவான கட்டுக்கு வேகம்தான் எமன், தெரிந்ததுதான்.
தெரிந்து என்ன.

இரவு ட்யூப்லைட் அடியில் எண்ணினேன். முப்பத்தொன்பது.
மறுபடி எண்ணினேன்.
தரையில் கிடைத்த அந்த நத்தைதான் இல்லை.
கடைக்குப் போன் செய்யலாம். செய்யவில்லை.

திங்கள் காலை உல்லாஸ்நகர் ஃபைல் மேலே இருந்தது.
கணவரின் மரணச் சான்றிதழ், நாலாவது முறை.
முத்திரை கொஞ்சம் மங்கல்தான்.
திருப்பி அனுப்பும் கடிதம் அச்சில் தயார்,
என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.
என் முறை.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
முத்திரையை ஜன்னல் பக்கம் பிடித்தேன்,
எழுத்து எழுத்தாக.
படிக்க முடிந்தது.