இன்னொரு நூறடி

எங்கள் டோக்கன் நாற்பத்தொன்று.
முப்பத்தெட்டில் நின்றுபோய்விட்டது டாக்டரின் கதவு.
நங்கை ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு
ரப்பர் பேண்டைக் கழற்றுவதும் போடுவதுமாக இருக்கிறாள்.
அண்ணன் சுவர் டிவியில் யாரோ குழம்பு வைப்பதைப் பார்க்கிறான்.
மூன்று வாரமாக அவனுக்குச் சோறு இறங்கவில்லை.
"அந்தம்மா உப்பே போடல பாத்தியா" என்கிறான் என்னிடம்.

கணையம் என்ற சொல்லை
மார்கழியில்தான் கற்றுக்கொண்டோம்.
அதற்குள் அது
ஈரல்வரை போய்விட்டிருந்தது.

உள்ளே போனதும் நேராகவே கேட்டான்:
"எத்தன நாளைக்குங் சார்?"
டாக்டர் பேனாவை மூடினார், திறந்தார்.
"ஒவ்வொருத்தர் ஒடம்பும் ஒவ்வொரு மாதிரிங்க.
மூணு கீமோ போட்டு
மறுபடி ஒரு ஸ்கேன் எடுத்துப் பாக்கலாம்."
அண்ணன் சிரித்துவிட்டான்.
நங்கைக்குக் கோபம்.
டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை.
எனக்கு விளங்கியது.

இருபத்தாறு வருசம் ரிக் வண்டி.
திருச்செங்கோட்டில் ஏறினால்
ராய்ப்பூரோ ஜோத்பூரோ,
அடுத்த நோம்பிக்குத்தான் வீடு.
எந்த ஊரிலும் ஐந்நூறடி தாண்டி
வெறும் புகையாக வரும்போது
நகையை அடகு வைத்த ஒருத்தன்
பக்கத்தில் வந்து நிற்பான்.
என்ன பாஷையில் கேட்டாலும் கேள்வி ஒன்றுதான்.
காளியண்ணன் கல்தூளை அள்ளி
விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சொல்வான்:
"இன்னொரு நூறடி பாக்கலாம்ங்."
பொய்யென்று சொல்ல முடியாது.
அடிக்கு இவ்வளவென்று கூலி.

வீட்டுக்கு வருகிறவர்கள்
வெறுங்கையோடு வருவதில்லை.
முள்ளுச்சீத்தா இலை, கருஞ்சீரகம்,
பாலக்காட்டு வைத்தியர் ஒருவரின் நம்பர்.
இதே நோவில் பிழைத்த ஒருவரைப் பற்றி
எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.
அவர் எந்த ஊர் என்றால் மட்டும் யோசிக்கிறார்கள்.
நங்கை கோயிலில் பூவாக்குக் கேட்டாள்.
வெள்ளை வந்தது.
மறுநாள் யாரிடமும் சொல்லாமல்
வேறு கோயிலுக்குப் போய்க் கேட்டாள்.
என்ன வந்ததென்று
இன்றுவரை சொல்லவில்லை.

திரும்பும்போது வண்டியை நான்தான் ஓட்டினேன்.
விஜயமங்கலம் தாண்டி ஒரு காட்டுக்குள்
வெளிச்சமும் இரைச்சலும்.
"நிறுத்து" என்றான்.
"வேண்டாங் மாமா, பனி" என்றாள் நங்கை.
அதற்குள் கதவைத் திறந்துவிட்டான்.

ஒரு தோளில் நான், ஒரு தோளில் அவள்.
சோளத்தட்டையை மிதித்துக்கொண்டு போனோம்.
ராடு மாட்டிக்கொண்டிருந்த பையன்களுக்கு
இவனை யாரென்று தெரியவில்லை.
தெரிந்தாலும் அடையாளம் தெரியாது,
முப்பத்தெட்டு கிலோவில் மிச்சமிருப்பவன்.
குனிய முடியாமல்
என்னை அள்ளித் தரச் சொன்னான்.
சூடாக இருந்தது தூள்.
விரலில் தேய்த்தான்.
மோந்தான்.
இறங்கியிருக்கும் ராடுகளை
வாய்க்குள்ளேயே எண்ணினான்.

காட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டார்.
தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு கிட்டே வந்தார்.
"வெவரம் தெரிஞ்சவராட்ட இருக்கீங்க.
வருமாங்?"

நான் அவன் வாயையே பார்த்தேன்.
கம்ப்ரசர் இரைந்துகொண்டே இருந்தது.

"தெரியிலீங்" என்றான் அண்ணன்.

அவனிடமிருந்து அந்தச் சொல்லை
நான் கேட்டதே இல்லை.
காட்டுக்காரர் தலையாட்டினார்.
ஒரு சேரைக் கொண்டுவந்து போட்டார்.
"உக்காருங், நின்னுட்டே இருக்கீங்க" என்றார்.
உட்கார்ந்தான்.
இருவரும் அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்,
வேறெதுவும் பேசாமல்,
முக்கால் மணி நேரம்.

கிளம்பும்போதும் புகைதான்.

பெருந்துறை வருவதற்குள் தூங்கிவிட்டான்.
சீட் பெல்ட்டில் வெள்ளையாக
ஐந்து விரல்.
பின்சீட்டில் நங்கை
செல்போன் வெளிச்சத்தில் சீட்டைப் படித்தாள்:
செவ்வாய்க்கிழமை ரத்தப் பரிசோதனை.
சாப்பிட்டுவிட்டு வரலாம்.