ஒன்பதாவது முளை

மார்ச்சில் பதினான்கு முளைகள் அடித்தேன்.
தலையில் சிவப்பு நாடா, பக்கவாட்டில் எண்.
லிஸ்பன் நெடுஞ்சாலைக்கும் ரயில் பாதைக்கும் நடுவே
நகராட்சியின் சரிவு நிலம்.
வரைபடம் அதைக் ‘காலி’ என்றது.

காலியில் மக்காச்சோளம் நின்றது.
கட்டில் சட்டம் ஒன்று கதவாக,
உடைந்த குளியல்தொட்டி நிறைய மழைநீர்.
கேப் வெர்டே தீவிலிருந்து வந்த இடலீனா
இரவெல்லாம் அலுவலகங்களைக் கூட்டிவிட்டு
விடிந்ததும் நேரே இங்கேதான்.
“என்ன வரப்போகிறது?”
வணிக வளாகம், மூன்று தளத்துக்கு வாகன நிறுத்தம்.
“காய்கறிக் கடை உண்டா அதில்?”
உண்டு என்றேன்.
சிரித்தாள். எனக்கு வரவில்லை.

ஜூனில் சரிபார்க்கப் போனால்
முளைகளைக் காணோம்.
யாரும் பிடுங்கவில்லை,
அவரைக்கொடி ஏறியிருந்தது.
உளுத்துப்போகாத நல்ல கம்பு,
கொடிக்கு வேறென்ன வேண்டும்?
நாடாவைச் சுற்றி ஊதாப் பூ.

ஒன்பதாம் எண்ணைப் படிக்கக்
கொடியில் கை வைத்தேன்.
“பிஞ்சு விட்டிருக்கு, பார்த்து.”
பக்கத்துப் பாத்தியிலிருந்து குரல்.
அதட்டல்கூட இல்லை அதில்.

படிவத்தில் எழுதினேன்:
புள்ளி ஒன்பது, கிடைக்கவில்லை.
மறுபடி அளக்க ஆறு வாரமாகும்.
அவரை முற்ற அது போதும்.
வளாகத்தை நிறுத்தப் போதாது,
தெரியும்.