மாவு டப்பா

முதலில் அவள் வாயைத்தான் முகர்ந்து பார்த்தேன்.

வல்பரைஸோவில் செங்குத்தான குன்றுகள்.
தண்டவாளத்தில் இரண்டு பெட்டிகள்;
ஒன்றைக் கம்பி மேலே இழுத்தால்
மற்றது கீழே வரும்.
எடுவிஹிஸ் மேல்நிலையத்தில் விசை பிடிப்பவள்.
இருபத்தாறு வருஷத்தில் ஒருநாளும்
பெட்டி முட்டியதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை முட்டியது.
பெரிதாக ஒன்றுமில்லை.
யாரோ ஒருத்தியின் தக்காளிப் பை சிதறியது,
தெருநாய்கள் மோந்து பார்த்துவிட்டு விலகின.
ஏறிப் போய்ப் பார்த்தால்
ஆகஸ்ட் குளிரில் சட்டை முதுகோடு ஒட்ட
வியர்த்து நிற்கிறாள்.
"கடல் ஏன் இவ்வளவு கிட்டே வந்துவிட்டது?"
நாக்கு குழறுகிறது.
கையைப் பிடித்தவனை அறைகிறாள்.
குடித்திருக்கிறாள் என்றார்கள்.

நான் மறுக்கவில்லை.
காமாலைக் கண் எனக்கு.
பதினோரு வருஷமாகத் தொடவில்லைதான்,
ஆனாலும் ஒரு வீட்டில்
எந்த இடுக்கில் புட்டி ஒளியும் என்று
என் கைகளுக்கு இன்னும் தெரியும்.
அவளைக் கட்டிலில் கிடத்திவிட்டுத் தேடினேன்.
காலணிப் பெட்டி. கழிவறைத் தொட்டியின் பின்புறம்.
மாவு டப்பாவுக்குள் முழங்கைவரை.

கிடைத்ததெல்லாம் மாத்திரைப் பட்டைகள்.
கிளிபென்கிளமைட், ஐந்து மில்லிகிராம்.
முன்பு கொடுத்த மாத்திரை வயிற்றைக் கலக்கியது;
மேல்நிலையத்தில் கழிவறை கிடையாது.
அதனால் மாற்றித் தந்தார்கள் இதை.
பக்கத்தில் புதிதாக இன்னொரு பட்டை,
வெள்ளிக்கிழமை வேறொரு டாக்டர்
நீர்க்கடுப்புக்கு எழுதியது.
மேஜையில் காலை ரொட்டி பிய்க்கப்படாமல்.
எல்லாம் என் கண் முன்னால் கிடந்தது.
நான் புட்டியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

எழுப்பியபோது எழவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் யாஸ்னா
விரல் நுனியைக் குத்தினாள். முப்பத்தொன்று.
"குறைந்திருக்கிறதே, நல்லதுதானே?" என்றேன்.
ஒன்பது வருஷமாக எங்களுக்குச் சொன்னது
அது ஒன்றுதான்: சர்க்கரை குறைய வேண்டும்.
அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை,
ஊசிக்கு நரம்பு தேடிக்கொண்டிருந்தாள்.

சர்க்கரைத் தண்ணீர் நரம்பில் ஏறியது.
கண் திறந்தாள்.
"டிக்கெட் காசை யார் எண்ணினார்கள்?" என்றாள்.
நான் கோட்டை எடுத்தேன், போகலாமென்று.
"உட்காருங்கள்," என்றாள் யாஸ்னா.
"இந்த மாத்திரை சீக்கிரம் விடாது.
புதியது வேறு இதற்கு வலுவேற்றியிருக்கிறது.
மறுபடி இறங்கும்."

இரவு இரண்டு மணிக்கு இறங்கியது.
ஏற்றினார்கள்.
விடியுமுன் இன்னொரு முறை.
துறைமுகத்தில் முப்பது வருஷம்
பளுதூக்கி ஓட்டியவன் நான்,
தொங்கும் பாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கத் தெரியும்.
ஆனால் அங்கே நெம்புகோல் என் கையில் இருந்தது.

பிறகுதான் அந்தக் காகிதத்தை விரித்தேன்,
மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்து
இத்தனை காலம் கிடந்ததை.
பெட்டி உள்ளங்கை அளவு;
காகிதம் மேஜையை மூடியது.
எறும்பு ஊர்ந்தாற்போல எழுத்து.
அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு
விரல் வைத்து வாசித்தேன்:
வியர்வை. நடுக்கம். எரிச்சல். குழப்பம்.
பார்ப்பவர்களுக்கு
மது அருந்தியவர் போலத் தோன்றலாம்.

அந்த வரியை மட்டும் இரண்டு தடவை.

மாத்திரையை மாற்றிவிட்டார்கள்.
இப்போது என் கோட்டின் உட்பையில்,
முன்பு தகரக் குப்பி இருந்த இடத்தில்,
எலுமிச்சை மிட்டாய் ஒட்டிக் கிடக்கிறது.
மதியம் சாப்பிட்டாளா என்று கேட்க
தினமும் நூற்றறுபது படி ஏறுகிறேன்.
பெட்டியில் போகலாம்,
அவள் காசு வாங்க மாட்டாள்.
ஏறித்தான் போகிறேன்.

நேற்று அவள் ரொட்டிக்கு மாவு பிசைந்தாள்.
தலை நிமிராமல் சொன்னாள்:
"அன்றைக்குக் கண்தான் திறக்க முடியவில்லை, நிபால்தோ.
டப்பா மூடி தரையில் விழுந்து
உருண்ட சத்தம் கேட்டது."

எதைத் தேடினாய் என்று அவள் கேட்கவில்லை.