உப்புப் பாராமல்

ஐம்பத்தைந்து நாள் நோன்பில்
இன்று முப்பத்தெட்டு.
தானா ஏரிக்கரை விடுதியின் அடுக்களையில்
எனக்கு வாய் இல்லை.

வெளியூர்க்காரர்களுக்குக் கோழி வேகிறது.
எண்ணெய் காணாமலே வெங்காயம் சுருண்டு
பெர்பெரே பொடி செங்கல் நிறத்துக்கு ஏறும்போது
எச்சில் ஊறும்.
எச்சிலை விழுங்கினால் நோன்பு முறியுமா என்று
கெஸ் மெலாகுவிடம் ஒருமுறை கேட்டேன்.
சிரித்துவிட்டார்.
நான் சிரிக்கவில்லை.

இருபத்திரண்டு வருடம்.
நோன்பு நாளில் ஒரு சொட்டும் நாக்கில் பட்டதில்லை.
மூன்று விரலால் உப்பை அள்ளி
ஆவிக்குமேல் கை நீட்டி
கொதி சொல்லும் அளவுக்குத் தூவுவேன்.
"யெஷிமெபெட் கைக்குக் கண் இருக்கிறது" என்பார் மேலாளர்.
ஆண்டவரே, அதைத்தான்
ஞானம் என்று நம்பியிருந்தேன்.

பாத்திரம் கழுவ வந்தவள் மஸ்தேவால்.
கூர்ந்து உணர்தல் என்று அந்தப் பெயருக்குப் பொருள்.
காலை மூன்று மணி, எங்கள் கடிகாரத்தில்.
கிடங்கில் மாவு மூட்டைக்குப் பின்னால்
அவித்த முட்டை உரித்துக்கொண்டிருந்தாள்,
ஓடு ஒன்றும் சிதறாமல்
மடியில் சேர்த்து, அவ்வளவு ஒழுங்காக.

என்ன சொன்னேன் என்று திரும்பச் சொல்ல மாட்டேன்.
பெயர் வைத்த தாயையும் இழுத்தேன்,
அது போதும்.
காய் அரிந்தவர்களின் கத்திகள் நின்றன.
அவள் ஓடுகளைக் குப்பையில் கொட்டிவிட்டுக்
குழாயைத் திறந்தாள்.

நான்காம் மேசையிலிருந்து குழம்பு திரும்பி வந்தது.
பிறகு ஏழாம் மேசை.
பரிமாறும் தேஸ்தா தட்டை வைத்துவிட்டு
என் முகத்தைப் பாராமல் "உப்பு" என்றான்.
இரண்டு முறை போட்டிருக்கிறேன்.
எப்போது என்று
கண் வைத்த கைக்கே தெரியவில்லை.

வெங்காயம் கூட்டலாம், கோழி கூட்டலாம்.
யார் உப்புப் பார்ப்பது?
அடுக்களை முழுக்க வாய்க்குப் பூட்டு.

ஈரக் கையைத் துடைத்தபடி அவள் வந்தாள்.
பாவாடைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டை,
இரும்புச்சத்து, ஈரல் நிறம்.
தீம்கெத் திருநாளுக்கு முந்தைய வாரம்
பிள்ளை வயிற்றிலேயே போயிற்றாம்.
இரத்தம் இன்னும் ஊறவில்லையாம்.
முட்டை தின்னச் சொன்னது மருத்துவச்சி.
தின்னாமல் கோவிலுக்கு வராதே என்றது
அதே கெஸ் மெலாகு.
வெள்ளி மட்டுமாவது நோன்பிருக்கிறேன் என்று
அழுது கேட்டாளாம்.
தரவில்லை.

"நான் பார்க்கலாம்" என்றாள். அவ்வளவுதான்.

கரண்டியை நீட்டினேன்.
கலயம் கலயமாய்த் தூக்கிய கை
ஒரு கரண்டிக்கு நடுங்கிற்று.
ஊதினாள். உறிஞ்சினாள். கண்ணை மூடினாள்.
"இன்னும் வெங்காயம்."
அரிந்தேன்.
"இன்னும் கொஞ்சம்."
அரிந்தேன்.
சின்னவள் சொல்லச் சொல்ல,
இருபத்திரண்டு வருடத்தை
பலகையில் வைத்துப் பொடியாக.

ஒன்பது மணிக்கு, வெயில் சாயும் நேரம்,
இஞ்செராவைப் பிரித்து ஷிரோ ஊற்றித்
தரையில் உட்கார்ந்தேன்.
மன்னிப்பு தொண்டைவரை வந்தது.
"நாளைக்கும் நீயே உப்புப் பார்"
என்றுதான் வெளியே விழுந்தது.
அது மன்னிப்பு ஆகாது, தெரியும்.

இரவு கோவிலில்
நெற்றி தரையில் பட விழுந்து எழும்போது
எண்ணிக்கை தப்பியது.
தப்பினால் ஒன்றிலிருந்து தொடங்குவது என் வழக்கம்.
தொடங்கினேன்.
ஒன்று,
என்று சொன்ன இடத்தில்
அவள் பெயர் வந்தது.